மிலாறு மண்ணுக்கா, அடுப்புக்கா?

விவசாய நிலத்தில் காபனைச் சேமித்துப் புவி வெப்பத்தைத் தணிக்கலாம் என்ற பேச்சு இலங்கை மலையகத்தின் நோர்வூட்டுக்கு வந்தால், அது தேயிலைச் செடியின் கிளை வெட்டும் கவ்வாத்து மலையில் தொடங்க வேண்டும். வளிமண்டலத்திலும் தாவரங்களிலும் உள்ள காபனைக் கூட்டினாலும் உலக மண்ணில் இருப்பதே அதிகம். அதை ஆண்டுக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு உயர்த்தும் முயற்சி 2015இல் பாரிஸில் தொடங்கியது. மலையகமோ எதிர்த்திசையில் போன மண். 19ஆம் நூற்றாண்டில் காடழித்துக் கோப்பி வைத்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டிய பின் தேயிலை வந்தது. காடு சேர்த்து வைத்த மேல்மண் மழைக்கு மழை சரிவில் இறங்கியது. இன்றும் கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மண்ணைச் சுமக்கிறது.

மாற்றுவழி புதிதல்ல. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே கன்று வைக்காமல், ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து அங்கேயே வெட்டிப்போடச் சொல்கிறது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். கவ்வாத்தில் வெட்டிய கிளைகளான மிலாறும் மலையிலேயே மக்க வேண்டும். ஆனால் அது தோட்டத் தொழிலாளரின் லயத்து அடுப்புக்குப் போகிறது. சமைக்க வேறு வழியில்லாத வீட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. அடுப்புக்கு மாற்று எரிபொருள் தராத காபன் திட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

இதுவும் சேதன விவசாயப் பேச்சுத்தானே, 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து பட்டது போதாதா என்று கேட்கலாம். அந்த ஆண்டு 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்கு விழுந்தது. அங்கே நடந்தது மண்ணைத் தேற்றாமலே செடியின் உணவை நிறுத்தியது. சேதனப் பொருள் நிறைந்த மண் இட்ட உரத்தைப் பிடித்துவைக்கும். உரம் வீணாவது குறையும். செடி எடுக்காமல் மிஞ்சும் நைதரசனிலிருந்து எழும் நைதரசு ஒட்சைட்டு, காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமேற்றுவது என்பதால் அந்தச் சிக்கனம் காலநிலைக்கும் ஆதாயமே.

மண் ஓரளவுக்கு மேல் காபனை ஏற்காது, ஒரு மண்சரிவில் சேர்த்ததெல்லாம் போய்விடும் என்ற ஆட்சேபம் வலுவானது. அதனால்தான் மண்ணில் சேர்வதைக் காபன் வரவாக எங்கோ புகைவிடும் ஆலைக்கு விற்கக் கூடாது. 1992இல் கம்பனிகளின் கைக்கு மாறிய தோட்டங்களின் குத்தகை பெரும்பாலும் 2045இல் முடிகிறது, நிலமோ அரசுடையது. சேர்த்த காபன் நூறாண்டு மண்ணில் நிற்கும் என்ற உறுதியை யார் தருவது? மண் அரிப்புக் குறைவதையும், வறட்சியில் ஈரம் நிற்பதையும், கொழுந்து கூடுவதையும் கணக்கிட்டாலே இந்த வேலை தேறும். இதற்கென நிதி வந்தால், மிலாறை மலையில் விட்டுக்கொடுக்கும் வீடுகளின் அடுப்புச் செலவே அதன் முதற் செலவாக வேண்டும்.