மந்திரமும் மரியாதையும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

சரித்திர நாவல் என்றதும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நம் நினைவிற்கு வரும். மாயக் கதை என்றதும் விக்கிரமாதித்தனும் வேதாளமும் வந்து நிற்பார்கள். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, அதனுடன் நாகரிக நடைமுறைகளையும் சிறிது காதலையும் கலந்தால் எப்படியிருக்கும்? அத்தகைய நாவல்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. கடந்த கோடை விடுமுறையில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றுள் மூன்றைப் படித்தேன். மந்திரம் என்றதும் பெரியோர் முகம் சுளிக்க வேண்டாம். பூசணிக்காய் வண்டியான சிண்டரெல்லா கதையைப் போன்றதே இதுவும். இது நம்புவதற்கன்று, நினைத்துப் பார்ப்பதற்கே.

இக்கதைகள் பெரும்பாலும் நடப்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தில். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நோயுற்றதால், 1811 முதல் 1820 வரை அவருடைய மகன் அரசப் பிரதிநிதியாக ஆண்ட காலம் அது. ஒருபுறம் நெப்போலியனோடு போர். மறுபுறம் லண்டனில் விருந்தும் நடனமும். உயர்குடிப் பெண்களுக்கோ விதிகள் ஏராளம். முறைப்படி அறிமுகமாகாத ஆணுடன் பேசலாகாது. ஒரே இரவில் ஒருவருடன் இரண்டு முறைக்கு மேல் நடனமாடலாகாது. பல்கலைக்கழகத்தின் கதவும் பெண்களுக்கு மூடியே இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920ஆம் ஆண்டில்தான்!

இவ்வுலகில் வாழ்ந்து, அதைப் பற்றியே எழுதியவர் ஜேன் ஆஸ்டின். 1811இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு சீமாட்டி' என்றே அச்சிட்டிருந்தார்கள். பிற்கால எழுத்தாளர்கள் ஆஸ்டினின் உலகத்தை எடுத்துக்கொண்டு, அதில் மந்திரத்தைப் புகுத்தினார்கள். எதற்காக? அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் முதலில் படித்தது 'சார்சரி அண்ட் செசீலியா'. 1988இல் வெளிவந்தது. பட்ரீஷியா ரீடி, கேரலைன் ஸ்டீவர்மர் என்ற இரு அமெரிக்கப் பெண்மணிகள் விளையாட்டாகத் தொடங்கிய நூல் இது. கதையைத் திட்டமிடாமல், ஒருவர் செசீலியாவாகவும் மற்றவர் கேட்டாகவும் மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள். கடிதங்களே நாவலாயின. கதை நடப்பது 1817இல். லண்டனில் கேட் ஒரு சிறு கதவைத் திறக்கிறாள். அங்கே தோட்டத்தில் ஒரு மூதாட்டி, நீல நிறக் கூஜாவிலிருந்து சாக்லேட் பானம் ஊற்றித் தருகிறாள். அதில் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கிராமத்திலோ செசீலியா தனக்கும் மந்திரத் திறமை உண்டென்று அறிகிறாள். நடுவில் அவளுடைய அண்ணன் மரமாகிவிடுகிறான்! மந்திரவாதிக்கு அஞ்சாத இப்பெண்கள் தம் அத்தைமாருக்கு அஞ்சுவதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இரண்டாவது நூலோ சிரிக்கவிடவில்லை. சுசானா கிளார்க் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உழைத்து 2004இல் வெளியிட்ட 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' என்ற பெரிய நாவல் அது. இறந்துபோன ஓர் இளம்பெண்ணை, புகழுக்காக நோரல் என்ற மந்திரவாதி உயிர்ப்பிக்கிறார். அதற்கு விலையாக அவளுடைய வாழ்நாளில் பாதியை ஒரு மாயப் பிறவிக்குக் கொடுத்துவிடுகிறார். அன்று முதல் இரவுதோறும் அந்த மாய மாளிகையில் அவள் ஆடியே தீர வேண்டும். லேடி போல் என்ற அப்பெண் தன் துயரத்தைச் சொல்ல வாய் திறந்தால், சம்பந்தமே இல்லாத வேறொரு கதைதான் வெளிவருகிறது. எல்லோரும் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்கிறார்கள். செகண்டஸ் என்ற எளிய மனிதர் ஒருவரின் கண்ணுக்கு மட்டும் அவளுடைய வாயில் ஒரு ரோஜாப்பூ தெரிகிறது. பேச்சைப் பூட்டிய பூட்டு அது!

மூன்றாவது நூலான 'சார்சரர் டு த கிரௌன்' 2015இல் வெளிவந்தது. எழுதியவர் மலேசியாவில் பிறந்த ஜென் சோ. இதில் ஒரு பெண்கள் பள்ளி வருகிறது. மந்திர சக்தியுடன் பிறந்த உயர்குடிப் பெண்கள் அங்கே படிக்கிறார்கள். என்ன படிக்கிறார்கள் தெரியுமா? மந்திரம் செய்யாமலிருக்கப் படிக்கிறார்கள்! பெண்ணின் உடல் அதைத் தாங்காதாம். ஆனால் ஏழைப் பெண்கள் வீட்டு வேலைக்குச் சின்னச் சின்ன மந்திரம் செய்தால் யாரும் தடுப்பதில்லை. அப்பள்ளியில் வளரும் புருனெல்லாவின் தாய் ஓர் இந்தியப் பெண். அங்கே வருகை தரும் தலைமை மந்திரவாதி சக்கரியாஸ், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினத்தவர். அவர் அப்பெண்களின் நிலையைக் கண்டு, இவர்களுக்குக் கற்பித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்கிறார். மீதியை நீங்களே படித்தறிக.

மூன்றையும் படித்து முடித்தபோது ஒன்று புரிந்தது. இக்கதைகளில் மந்திரம் என்பது ஒரு பெண்ணுக்குள் இருக்கும் திறமை. அதை அவள் பயன்படுத்தலாமா என்று தீர்ப்புச் சொல்பவை ஊரார் வகுத்த விதிகள். திறமையை வெறுமனே சொன்னால் நம் கண்ணில் படாமல் போகலாம். மந்திரமாக்கிக் காட்டினால் அது பளிச்சென்று தெரிகிறது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கணக்கில் கெட்டிக்காரர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. "மேலே படிக்க ஆசையில்லையா அக்கா?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே பூ விலையைப் பற்றிப் பேசுவார். அடக்கமான பெண் என்று எல்லோரும் அவரைப் புகழ்வார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். லேடி போலின் கதையைப் படித்த அன்று இரவு, அந்தச் சிரிப்பு என் கண்முன் வந்து நின்றது. எனக்கு உறக்கம் வரவில்லை.

அப்படியானால் மரியாதை வேண்டாம் என்கிறேனா? இல்லை. செகண்டஸும் மரியாதை தெரிந்தவரே. அதனால்தான் பிறர் பைத்தியம் என்று ஒதுக்கியவளை அவர் உற்று நோக்கினார். பிறர் சொல்ல முடியாததையும் கேட்க முயல்வதே உயர்ந்த மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வாண்டுடன் எங்கள் வகுப்புத் தோழியர் பலரும் பல திசைகளில் பிரியப்போகிறோம். பெற்றோர்களே, மேற்படிப்பைப் பற்றிக் கேட்கும்போது உங்கள் மகள் வேறு எதையாவது பேசினால், தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள்.