வீழக் கற்றுத்தரும் கலை

மகனோ மகளோ தற்காப்புக் கலை பயில விரும்பினால் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். "பிள்ளை முரடாகிவிடுமோ? கை கால் முறிந்துவிடுமோ?" என்னும் இரு ஐயங்கள் அவர்தம் உள்ளத்தை அலைக்கழிக்கின்றன. இவை புறக்கணிக்கத்தக்க ஐயங்கள் அல்ல. ஆயினும், எதிராளியைப் பற்றிப் பிடித்து வீழ்த்தும் ஜூடோ என்னும் கலையை உற்று நோக்குவோர், அது உடலுக்கு மட்டுமன்றி உள்ளத்திற்கும் பயிற்சிக்கூடமாக அமைய முடியும் என்பதை உணர்வர்.

இக்கலையைத் தோற்றுவித்தவர் ஜப்பானைச் சேர்ந்த ஜிகோரோ கானோ. 1860இல் பிறந்த அவர் இளமையில் மெலிந்த உடலினர். வலிய மாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானவர். அதனின்று மீளவே ஜுஜுட்சு என்னும் பழைய மற்போர் முறையைப் பயின்றார். ஆனால், பழிவாங்க அவர் எண்ணவில்லை. பழைய முறையிலிருந்த ஆபத்தான பிடிகளை விலக்கி, எஞ்சியவற்றைச் சீரமைத்து, 1882இல் டோக்கியோ நகரின் கோயில் ஒன்றில், 12 பாய்கள் விரித்த சிற்றறையில், கொடோக்கான் என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகவும் விளங்கிய அவருக்கு, ஜூடோ முதலாவதாக ஒரு கல்வி; பிறகே போட்டி.

இக்கல்வியின் முதற்பாடம் வீழ்த்துவது அன்று, வீழ்வது! முகவாயை மார்போடு ஒட்டித் தலையைக் காத்து, முதுகை வளைத்து, கையால் பாயை அறைந்து அதிர்ச்சியைப் பரவச் செய்யும் முறையை மாணவன் நூறு முறை, ஆயிரம் முறை பழகுகிறான். உடல் சமநிலை பெறுகிறது. இடுப்பும் கால்களும் உரம் பெறுகின்றன. அனைத்திற்கும் மேலாக, வீழ்ச்சியைப் பற்றிய அச்சம் அகல்கிறது. தோல்வி கண்டதும் துவளும் இளையோர்க்கு இதனினும் தேவையான பாடம் வேறென்ன?

அடுத்த பாடம் விட்டுக்கொடுத்தல். தள்ளுபவனை எதிர்த்துத் தள்ளாமல், அவன் விசையைத் தன்பால் இழுத்து நிலைகுலையச் செய்வதால், எளியவனும் வலியவனை வெல்ல இயலும். எதிராளியைப் பற்றியபடியே பொருதுவதால் பார்வையற்றோர்க்கும் இக்கலை ஏற்றது. 1988இல் சியோலில் நடந்த பாராலிம்பிக் போட்டிகளில் இது இடம் பெற்றது.

மூன்றாவது பாடம் பிறர் நலம். பிடியில் சிக்கியவன் கையால் தட்டிய நொடியிலேயே மற்றவன் விடவேண்டும். தோழனின் உடலைத் தன் பொறுப்பில் ஏற்பவனுக்கே பயிற்சி உண்டு. தானும் பிறரும் ஒருங்கே உயர்வதையே கானோ குறிக்கோளாக வகுத்தார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானிய வீரரை வென்ற ஹாலந்து நாட்டு ஆன்டன் கீசிங்க், ஆரவாரத்துடன் களத்துள் பாய்ந்த தம் நாட்டினரைக் கையுயர்த்தித் தடுத்தார். தோற்றவருக்குரிய மதிப்பை வென்றவரே காத்தார்!

எனினும், பெற்றோரின் அச்சத்திற்கும் சான்று உண்டு. ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகளில், ஜூடோ பயின்ற மாணவர் 100 பேருக்கு மேல் உயிரிழந்தனர், தலைக்காயமே பெருங்காரணம். வெற்றி ஒன்றையே நாடும் மனப்போக்கைக் கண்ட ஜப்பானிய ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப் பள்ளிச் சிறார்க்கான தேசியத் தனிநபர் போட்டியை 2022இல் கைவிட்டது. கலை பிறந்த மண்ணிலேயே அதன் முதற்பாடம் மறக்கப்பட்டபோது விளைந்த துயரம் இது.

ஆகவே பெற்றோரே, பயிற்சிக்கூடத்தின் சுவரில் தொங்கும் பதக்கங்களை எண்ணாதீர்கள். புதிய மாணவனுக்கு வீழக் கற்பிக்க ஆசிரியர் எத்தனை நாள் செலவிடுகிறார், வயதும் எடையும் ஒத்தவரையே இணைக்கிறாரா, தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புகிறாரா என்று கேளுங்கள். நிறைவான விடை கிடைக்குமாயின், துணிந்து அனுப்புங்கள். வீழவும் எழவும் அறிந்த பிள்ளை, வீழ்ந்த பிறரைத் தூக்கிவிடவும் அறியும்.