சுரங்க மேடுகளில் ஒரு களை

நிலக்கரி மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிறது. அதனை எடுப்பதற்கு முன் அதன்மேல் உள்ள மண்ணையும் பாறையையும் அகற்ற வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் சிங்கரௌலிப் பகுதியில் உள்ள திறந்தவெளிச் சுரங்கங்களில், இவ்வாறு அகற்றப்படும் மண்ணும் கல்லும் ஒருபுறம் கொட்டப்பட்டுக் குன்றுகள் போல் உயர்ந்து நிற்கின்றன. தொலைவிலிருந்து காண்போர் அவற்றை இயற்கையான மலைகள் என்றே எண்ணிவிடுவர்.

புதிய மேட்டில் மரமில்லை, புல்லில்லை, நிழலுமில்லை. பிற செடிகள் வேரூன்றத் தயங்கும் அவ்விடத்தில், மழை பெய்தபின் ஒரு பசுமை படரத் தொடங்குகிறது. கேரட் இலையை ஒத்த இலைகளும் சிறுசிறு வெண்ணிறப் பூக்களும் உடைய அச்செடியின் பெயர் பார்த்தீனியம். இலையின் வடிவம் கருதி இந்தி பேசும் மக்கள் இதனைக் 'காஜர் காஸ்' என்று அழைக்கின்றனர். 'காங்கிரஸ் புல்' என்ற பெயரும் உண்டு. ஆனால் இது புல்லினத்தைச் சேர்ந்ததன்று.

இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இந்தியாவில் 1955-ஆம் ஆண்டு புனே நகரில் இது முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கோதுமையுடன் இதன் விதைகள் கலந்து வந்தன என்பது பரவலான கருத்து. இன்று நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் இதனைக் காணலாம். இச்செடியைத் தொடர்ந்து தொடுவோர்க்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றுகின்றன. இதன் மகரந்தம் சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்குகிறது. மேய்ந்த மாட்டின் பாலிலும் கசப்பு ஏறுகிறது. ஆகவே சுரங்கத் தொழிலாளர்க்கும், மேட்டின் அடிவாரத்தில் மாடு மேய்ப்போர்க்கும் இது வெறும் அழகுக் குறைவு அன்று.

'பிடுங்கி எறிந்தால் போயிற்று' என்று தோன்றலாம். ஆனால் இச்செடி முளைத்த நான்கைந்து வாரங்களிலேயே பூக்கத் தொடங்கிவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடி பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கவல்லது. அவ்விதைகள் மிகச் சிறியவை. காற்றிலும் மழைநீரிலும் பரவுபவை. சுரங்கத்திலோ அவற்றைச் சுமக்க மற்றொரு ஊர்தியும் உண்டு. டிப்பர் லாரியின் சக்கரத்தில் ஒட்டிய சேறு, ஒரு மேட்டின் விதைகளை அடுத்த மேட்டிற்குக் கொண்டு சேர்க்கிறது. எனவே இங்குத் திட்டமிடல் இன்றியமையாதது.

முதற்பணி வரைபடம். மழைக்காலத் தொடக்கத்தில் பணியாளர்கள் சுரங்கப் பகுதி முழுவதும் நடந்து சென்று, களை எங்கே அடர்ந்துள்ளது, எங்கே ஓரிரு செடிகளே உள்ளன, எங்கே அறவே இல்லை என்று குறிக்கின்றனர். அடர்ந்த இடத்தில்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று எவரும் நினைப்பர். அனுபவம் உடையோர் அவ்வாறு செய்வதில்லை. ஓரிரு செடிகள் உள்ள இடத்தையே முதலில் தூய்மைப்படுத்துகின்றனர். அங்கே அரை நாள் உழைப்பு ஒரு மேட்டையே காப்பாற்றும். அடர்ந்த இடத்தில் அதே உழைப்பு கண்ணுக்கே தெரியாது. சாலை ஓரங்கள், நீர் ஓடும் வாய்க்கால்கள், லாரிகள் நிற்கும் இடங்கள் ஆகியவை அடுத்த நிலையில் வருகின்றன.

தோண்டும்போது தனியே எடுத்து வைக்கப்படும் மேல்மண்ணும் கவனத்திற்கு உரியது. பின்னாளில் மேட்டின்மீது பரப்புவதற்காகவே அது சேமிக்கப்படுகிறது. அக்குவியலில் பார்த்தீனியம் பூத்துவிட்டால், மண்ணோடு விதையும் சேர்த்தே பரப்பப்படும். இந்தச் சிறிய கவனக்குறைவால் பல ஆண்டு உழைப்பு வீணாகக்கூடும்.

களை எடுக்க உரிய காலம் பூப்பதற்கு முன்பு, மண் ஈரமாக இருக்கும்போது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, வேரோடு பிடுங்க வேண்டும். விதை முற்றிய செடியைப் பிடுங்கினால், பிடுங்கும் கையே விதைப்பவரின் கையாகிவிடும். களைக்கொல்லிகளும் உள்ளன. ஆனால் கிளைபோசேட் போன்றவை புல்லையும் சேர்த்து அழித்து, நிலத்தை மீண்டும் வெறுமையாக்கிவிடுகின்றன. வெற்று நிலத்தைத்தான் பார்த்தீனியம் விரும்புகிறது.

மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. வண்டும் அதன் புழுவும் இக்களையின் இலைகளைத் தின்கின்றன. மழைக்காலத்தில் அவற்றின் வேலை சிறப்பாக நடக்கும்; வறண்ட மாதங்களில் வண்டு மண்ணுக்குள் உறங்கிவிடும். சுரங்கத்தின் பணி அட்டவணைக்கு அது கட்டுப்படுவதில்லை. ஆதலால் வண்டை மட்டும் நம்பித் திட்டம் வகுப்பதில்லை.

இதில் மிகக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. சரிவில் அடர்ந்து வளர்ந்த களையை ஒரே நாளில் அகற்றினால் என்ன ஆகும்? தளர்ந்த மண் மழையில் கரைந்து வாய்க்காலையும் அடிவாரத்து வயலையும் மூடும். தீய செடியே ஆயினும், அதன் வேர் சிறிதளவேனும் மண்ணைப் பிடித்திருந்தது. எனவே சரிவைப் பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டையில் களை நீக்கியதும் அதே பருவத்தில் புல்லையும் தகரையையும் விதைக்கின்றனர். மழைக்கு முன் தூவப்பட்ட தகரை விரைந்து அடர்ந்து வளர்ந்து, பார்த்தீனியத்திற்கு வெளிச்சமும் இடமும் கிடைக்காமல் செய்கிறது. அதன்பின் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் வேண்டும் என்று 2009-இல் நடுவண் அரசு நெறிமுறைகள் வகுத்தது. சுரங்கம் இயங்கும்போதே நிலத்தைச் சிறிது சிறிதாகச் சீரமைத்துவருவதும் அத்திட்டத்தில் அடங்கும்.

மண்ணில் புதைந்த விதைகள் சில ஆண்டுகள் உயிருடன் இருக்கும். ஆகவே அடுத்த ஆண்டு மழை தொடங்கியதும் பணியாளர்கள் அதே வரைபடத்துடன் அதே மேட்டில் மீண்டும் ஏறுகின்றனர். கடந்த ஆண்டு தூய்மையாக்கிய பட்டையில், தகரைக்கு நடுவே தலைநீட்டும் ஓரிரு கேரட் இலைகளை அவர்கள் தேடுகின்றனர்.