கோக்கோ மரங்களும் மக்னீஷியச் சத்தும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள கரடுகளில் வெள்ளைக்கல் நெடுங்காலமாக வெட்டியெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. இக்கல் மக்னீஷியம் கார்பனேட்டாகும். இத்தகைய சீமையில், தென்னை அல்லது பாக்குத் தோப்பில் ஊடுபயிராக நட்ட கோக்கோவுக்கு மக்னீஷியம் குறைபடுமோ என விவசாயிகள் ஐயுறுதல் இயல்பே. கல்லில் உள்ள சத்து வேறு. வேர் உறிஞ்சத்தக்க சத்து வேறு என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

இலைப் பச்சையத்தின் நடுவே அமைந்த பொருள் மக்னீஷியமே. அது குறையின், இலை உணவு சமைக்கும் ஆற்றல் தளரும், விளைவும் குன்றும்.

குறிகள்: மரம் முதிர்ந்த இலைகளிலுள்ள மக்னீஷியத்தை இழுத்துத் தளிர்களுக்கு ஈயும். ஆதலின் முதிர்ந்த இலைகளே முதலில் வாடும். நரம்புகள் பசுமையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளிக்கும். பின்னர் அப்பகுதி கருகி இலை உதிரும். தளிர்கள் முதலில் வெளுப்பின் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவாகும். முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக வெளிறின் தழைச்சத்தின் குறைவெனலாம்.

காரணங்கள்: மழை மிகுந்த புளிப்பு நிலங்களிலும் மணற்பாங்கான நிலங்களிலும் இச்சத்து நீரோடு கரைந்து போகும். சாம்பல்சத்தை அளவு மீறி இடினும், வேர்கள் மக்னீஷியத்தை ஏற்க இயலாது போகும். மூன்றாம் ஆண்டு முதல் மரமொன்றுக்கு ஆண்டொன்றுக்குத் தழைச்சத்து 100 கிராம், மணிச்சத்து 40 கிராம், சாம்பல்சத்து 140 கிராம் என இரு தவணைகளில் இடுதல் சிபாரிசு செய்யப்பட்ட அளவாகும். அதனை மிஞ்சுதல் பணத்துக்கும் மரத்துக்கும் கேடு.

பரிகாரம்: புளிப்பு நிலத்துக்கு டோலமைட் தூள் ஏற்றது, அது புளிப்பையும் தணிக்கும். சேலம், நாமக்கல் சமவெளியில் சுண்ணாம்பு கலந்த நிலங்களில் டோலமைட் எளிதிற் கரையாதாகையால், நீரில் கரையும் மக்னீஷியம் ஸல்பேட்டையே கைக்கொள்ள வேண்டும். விரைந்து குணம் வேண்டின், லிட்டர் நீருக்கு 10 கிராம் வீதம் அதனைக் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலைகளில் தெளிக்கலாம். இது தற்காலிக உதவியேயன்றி மண்ணுக்கு இடும் உரத்துக்கு ஈடாகாது. வெள்ளைக்கல்லைப் பொடித்து இடுதல் வீண். அது மிக மெல்லவே கரையும்.

எச்சரிக்கை: கடினமான கிணற்று நீரிலும், வெள்ளைக்கல் பூமியை அடுத்த நிலங்களிலும் மக்னீஷியம் மிகுந்திருத்தல் கூடும். மிகுதியானால் அது சுண்ணாம்புச் சத்தும் சாம்பல்சத்தும் வேரிற் சேர்வதைத் தடுக்கும். ஆகவே மஞ்சளித்த இலையைக் கண்டவுடன் உரம் வாங்காது, மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு கண்ட பின்னரே செலவிடுதல் விவேகம். உதிர்ந்த இலைகளை மரத்தடியிலேயே மூடாக்காக விடின், அவற்றிலுள்ள சத்து மீண்டும் மண்ணையே சேரும்.