ஸ்திரீ புருஷ பேதமும் லட்சம் விடைகளும்

ஸ்திரீகளின் மனப்போக்கும் புருஷர்களின் மனப்போக்கும் இயற்கையிலேயே வேறானவையா என்பது பழைய வழக்கு. இதைத் தீர்க்க, இணையத்தின் வழியாக லட்சக்கணக்கானோரிடம் விடை வாங்கிக் கணக்கிடும் முறை இந்நூற்றாண்டில் பிரபலமாகியிருக்கிறது. 2005-ல் பி.பி.சி. ஸ்தாபனம் நடத்திய சோதனை இவ்வகையில் பேர்போனது. அதில் 53 தேசத்தார் அளித்த இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பரிசீலித்து, ரிச்சர்டு லிப்பா என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2010-ல் தங்கள் முடிவை வெளியிட்டனர். ஓர் உருவத்தை மனத்திற்குள்ளேயே திருப்பிப் பார்க்கும் பரீட்சையில், அத்தேசங்கள் எல்லாவற்றிலும் புருஷர்களின் சராசரியே உயர்ந்திருந்தது. சம உரிமை மிகுந்த தேசங்களில் வித்தியாசம் குறையவில்லை, அதிகமாகவே இருந்தது.

"உரிமை கொடுத்தும் இயற்கை மாறவில்லை, பார்த்தீர்களா!" என்று இதைக் கண்டு கைகொட்டுவோர் சற்றுப் பொறுப்பார்களாக. சாட்சிகளை எண்ணலாகாது, எடைபோட வேண்டும் என்பது கோர்ட்டில் பழகியோர் யாவரும் அறிந்த விதி. 1936-ல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வோட்டுச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விடைகளை எண்ணி, லாண்டனே ஜனாதிபதியாவார் என்றது. ரூஸ்வெல்ட்டோ 48 ராஜ்யங்களில் 46-ல் ஜயித்தார். டெலிபோனும் மோட்டாரும் உடையவர்களின் ஜாபிதாக்களிலிருந்தே பெரும்பாலும் பெயர் எடுத்ததும், விருப்பமுள்ளவர் மட்டுமே பதில் எழுதியதும் அப்பிழைக்குக் காரணங்கள்.

பி.பி.சி. சோதனைக்கும் இக்கேள்வி பொருந்தும். தாமாகத் தேடி வந்து ஆங்கிலத்தில் விடையளித்தவர்களே அதில் உண்டு. 2005-ல் ஓர் ஏழைத் தேசத்தில் அவ்வாறு வரக்கூடிய ஸ்திரீ, தன் தேசத்துச் சாதாரண ஸ்திரீகளுக்குப் பிரதிநிதியாவாளா? படித்த சிலரையே அங்கே அளந்திருந்தால், வித்தியாசம் சிறிதாகத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். விடைகளைப் பெருக்குவதால் இக்குறை நீங்காது.

இவ்வாராய்ச்சி வீண் என்று நாம் சொல்லவில்லை. பல தேசங்களை ஒரே அளவுகோலால் ஒப்பிட வேறு சுலபமான வழியில்லை. ஆனால் கூட்டம் பெருகப் பெருக, அற்ப வித்தியாசமும் கணக்கில் உறுதியாகத் தென்படும். அதனால் அது பெரிதாகிவிடாது. ஜானெட் ஹைட் என்னும் அறிஞர் அதுவரை வந்த ஆராய்ச்சிகளின் 46 தொகுப்புகளைப் பரிசீலித்து, வித்தியாசங்களில் பெரும்பாலானவை சிறியவை அல்லது இல்லாதவற்றுக்குச் சமம் என்று 2005-லேயே காட்டினார். உருவத்தைத் திருப்பும் பரீட்சையிலும் புருஷர்களின் சராசரியை விஞ்சும் ஸ்திரீகள் ஏராளம்.

ஆகவே, எஞ்சினீயரிங் காலேஜிலோ உத்தியோகத்திலோ இடம் கேட்டு வரும் பெண்ணை அவளுடைய சொந்தத் திறமையால் சோதியுங்கள். லட்சம் பேரின் சராசரியைக் காட்டி அவளுக்குக் கதவடைப்பது அநீதி.