புதியதை நீக்கிய பின்பும் பழைய மென்பொருள் ஏன் ஏற மறுக்கிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறையொன்றில், புதிய வரைபட மென்பொருளை நீக்கிவிட்டு, கைபழகிய பழைய பதிப்பையே மீண்டும் ஏற்ற முயன்ற நண்பருக்கு, வேறொரு பதிப்பு ஏற்கெனவே இருப்பதாகக் கூறி 1638 என்ற பிழையெண் வந்து நின்றது; இஃதென்ன விந்தை என்கிறீர்களா?

ஆவடியில் குடித்தனக்காரர் சாவியைக் கொடுத்துப் போன பின்பும், அவ்விலாசத்தில் எரிவாயு இணைப்பு அவர் பெயரிலேயே நின்றுவிட்டால், புதிதாய் வந்தவர் ஏஜென்சி வாசலில் படும் அவஸ்தையே இதுவும்.

கோப்புகள் அழிந்தாலும், விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் பேரேட்டில் நீக்கிய பதிப்பின் பதிவும், கண்ணுக்கு மறைந்த புரோகிராம்டேட்டா அறையில் சில மிச்சங்களும் தங்கிவிடக்கூடும். நிறுவி முதலில் புரட்டிப் பார்ப்பதோ அப்பேரேட்டைத்தான்.

ஆகவே, மைக்ரோசாஃப்ட் இலவசமாய்த் தரும் நிறுவல்-நீக்கல் பழுதுநீக்கியை ஓட்டி, அநாதையாய்க் கிடக்கும் பதிவைக் களைந்து, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, அதன்பின் முயலுங்கள். பிரதி எடுத்து வைக்காமல் பேரேட்டில் நேரே கை வைப்பது, என் அபிப்பிராயத்தில், அசட்டுத் துணிச்சல்.