பத்து இறகுகளில் ஒரு ஊர்

நாச்சியாபுரத்திலிருந்து திருப்பத்தூர் தாண்டி மதுரைச் சாலையில் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி மக்களின் கண்மாய்க் கரையில் இறகுகள் உதிர்ந்து கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளும் அந்த இறகில் பறவையின் ஊரும் காலமும் பதிந்திருக்கின்றன.

வளர்ந்து முடிந்த இறகு நம் நகத்தைப் போல உயிரற்றது. வெயிலில் வெளுக்கும், தேயும். அதனால்தான் பறவை அதை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடுகிறது. எடுத்துக்காட்டாக, கடற்காகம் சிறகின் 10 பெரிய இறகுகளை உள்ளிருந்து நுனி நோக்கி, வரிசை தவறாமல் மாற்றும். முடியப் பல மாதங்கள் ஆகும். எத்தனையாவது இறகில் நிற்கிறது என்பதே ஒரு நாள்காட்டி.

குளிர்காலத்தில் நம் கடற்கரைகளுக்கு வரும் இரண்டு வகைகளைப் பாருங்கள். ஹியூக்ளின் கடற்காகம் ரஷ்யாவின் வடகோடியில் கூடு கட்டுவது. ஸ்டெப்பி கடற்காகம் கசகஸ்தான் பக்கத்துப் புல்வெளி ஏரிகளில் பிறப்பது. நிறத்தை வைத்துப் பிரிக்கப் பழகிய கண்ணும் திணறும். ஆனால் வடக்கே கோடை பிந்தி வருகிறது, பயணமும் நீளம். ஆகவே ஹியூக்ளின் பெரும்பாலும் பிந்தியே இறகு மாற்றி முடிக்கும். ஸ்டெப்பியின் சிறகு புதிதாகிவிட்ட பிறகும் இதற்கு நுனி இறகுகள் வளர்ந்துகொண்டிருக்கும்.

வழிதவறி வந்த பறவையிடம் இந்த நாள்காட்டி இன்னும் சுவையானது. கேரளத்தின் சாவக்காடு கடற்கரைக்கு ஒருமுறை பிராங்ளின் கடற்காகம் வந்தது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் பிறந்து, பெரு, சிலி கடற்கரைகளில் குளிர்காலம் கழிக்கும் இனம். கடற்காகங்களில் ஆண்டுக்கு இருமுறை எல்லா இறகுகளையும் மாற்றுவது இது ஒன்றுதான். மற்றவற்றின் சிறகு நைந்திருக்கும் சித்திரையில் இதன் சிறகு புத்தம்புதிதாக இருக்கும்.

மற்றக் கடற்காகங்களின் இளம் பறவையானால் இன்னும் துல்லியம். கூட்டில் முளைத்த சிறகிறகுகளே ஏறக்குறைய ஓராண்டு அதனிடம் இருக்கும். மழைநீரில் கன ஹைட்ரஜனின் அளவு இடத்துக்கு இடம் மாறும். தண்ணீரிலிருந்து இரைக்கும், இரையிலிருந்து இறகுக்கும் அது ஏறும். நுனியில் ஒரு துணுக்கு வெட்டி ஆராய்ந்தால் பிறந்த வட்டாரம் தெரியும். கடல் இரையில் வளர்ந்த குஞ்சுக்கு மட்டும் இது கைகொடுக்காது. கடல்நீரில் அந்த அளவு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வளையமிடுவோர் கையில் பிடித்த பறவையின் சிறகை விரித்து ஒவ்வொரு இறகுக்கும் மதிப்பெண் போடுவார்கள்: பழையதற்கு 0, முழுதாக வளர்ந்த புதியதற்கு 5. தனுஷ்கோடி மணலில் கேமராவோடு நிற்பவருக்கு ஒரு வேண்டுகோள்: அமர்ந்த பறவையோடு திரும்பிவிடாதீர்கள். அது சிறகை விரித்து எழும்பும்வரை காத்திருந்து, அந்தப் பத்து இறகுகளையும் எடுங்கள்.